இரண்டு அங்குல இடைவெளி

பிப்ரவரி 3, திங்கள்

காலை மாத்திரை போட்டேனா இல்லையா என்று சந்தேகம். அட்டையை எண்ணிப் பார்த்தேன். போட்டிருக்கிறேன்.

மதியம் மகளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பழைய நீதிமன்றத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கு அவள்தான் பொறுப்புப் பொறியாளர். கிழக்குக் கோடியில், ஆவண அறையில், மேசை போட்டிருக்கிறாள். அந்த அறையின் வெளிச்சுவரை ஒட்டித் தீப்பெட்டி நிற்கிறது. நான்கு மாடி அரசு அலுவலகக் கட்டடம். ஊரே வைத்த பெயர். அதைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இன்று அதை இடிக்க இயந்திரம் வந்து இறங்கியது. தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மகள் ஒரு பழைய வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

"தீப்பெட்டியை இடிச்சா கோர்ட்டுச் சுவருக்கு ஆபத்து வருமான்னு கான்ட்ராக்டர் கேட்டாரு. இதைக் காட்டினேன். நடுவுல ரெண்டு அங்குலம் இடைவெளி, ரெண்டும் தனித்தனியா நிக்குது. கீழே யாரு கையெழுத்து, பாருங்க!"

என்னுடையது. நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தையது.

"எங்கப்பா போட்ட கோடு, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு சொன்னேன்."

சரிம்மா என்றேன். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அந்த இடைவெளி கிடையாது.

இதைக் காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் முறை.

தீப்பெட்டிக்கு அடித்தளம் தோண்டும்போது நீதிமன்றத்தின் கிழக்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. எங்கள் பெரிய இன்ஜினீயர் பதறிப்போய், தூண்கள் எழ எழ, இரண்டுக்கும் நடுவில் கான்கிரீட் கொட்டச் சொன்னார். சாய்ந்த சுவர் புதுக் கட்டடத்தின் தோளில் தலை வைத்துக்கொண்டது. இன்றுவரை அப்படித்தான் நிற்கிறது. ஆனால் விதிப்படி இடைவெளி இருந்தாக வேண்டுமே? கண்ணில் படுகிற முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் மட்டும் ஒரு முழ ஆழத்துக்கு விட்டுவைத்தார்கள்.

வேலை முடிந்து, அப்போது வரைவாளனாக இருந்த என் மேசைக்கு வரைபடம் வந்தது. 'இடைவெளி இல்லை, கான்கிரீட் நிரப்பப்பட்டது' என்று பென்சிலில் எழுதினேன். பெரிய இன்ஜினீயர் அதன்மேல் விரலை வைத்தார். "இந்த வரி வேண்டாம்ப்பா. யாருக்குத் தெரியப்போவுது?" அவ்வளவுதான். அதட்டக்கூட இல்லை. நான் அழித்துவிட்டு, மையில் 'இடைவெளி 2 அங்குலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கான்கிரீட் கொட்டிய மேஸ்திரியும் போய்விட்டார். மிச்சம் நான்.

தீப்பெட்டிக்குப் பத்து வரிசைத் தூண்கள். தொலைவில் இருக்கும் பத்தாம் வரிசையிலிருந்து இடித்துக்கொண்டு வருகிறார்கள். நீதிமன்றத்தைத் தாங்குவது முதல் வரிசை. அதற்கு வர மூன்று வாரமாவது ஆகும். நேரம் இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

கிழக்குச் சுவரில் உட்புறம் நான்கு பழைய விரிசல்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கண்ணாடிப் பட்டையைச் சாந்து வைத்து ஒட்டி, எண்ணும் தேதியும் எழுதினேன். சுவர் ஒரு நூல் அசைந்தாலும் கண்ணாடி விண்டுவிடும். பெரிய இன்ஜினீயர் இதைச் 'சாட்சி' என்பார். பொய் சொல்லத் தெரியாத சாட்சி என்பார்.

"வீட்டுல சும்மா இருக்க மாட்டீங்களே!" என்று மகள் சிரித்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எட்டாம் வரிசை போயிற்று. கண்ணாடி நான்கும் முழுதாக இருக்கின்றன.

பிப்ரவரி 13, வியாழன்

இடிக்கும் இயந்திரத்தை ஓட்டுபவரை எல்லோரும் சுண்டெலி என்கிறார்கள். ஆள் அவ்வளவு சிறியவர், இயந்திரம் அவ்வளவு பெரியது. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன பெரியவரே, தினம் வந்து சுவருக்கு நாடி பிடிக்கிறீங்களாமே? பிழைக்குமா?"

சிரித்து வைத்தேன்.

"நூறு கட்டடம் இடிச்சிருப்பேன். ஒண்ணுகூட என்னைத் திட்டினதில்ல. இதுதான் ஒரு மாதிரி. இந்தப் பக்கம் இழுத்தா, கோர்ட்டுப் பக்கம் ஏதோ முனகுது. கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்த பொண்டாட்டி மாதிரி."

நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தேன்.

"அந்த டிராயிங்கு நீங்க போட்டதாமே? மேடம் சொன்னாங்க. அப்புறம் நமக்கென்ன பயம்!" என்று என் முழங்காலில் தட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17, திங்கள்

முதல் கண்ணாடி விண்டிருக்கிறது.

மேலிருந்து கீழாக, தலைமுடி மாதிரி ஒரு கோடு. ஐந்தாம் வரிசையை இன்று காலைதான் எடுத்தார்கள். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நூத்தம்பது வருஷச் சுவருப்பா. லாரி போனாக்கூட உடையும்" என்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அறையில் தட்டச்சு செய்கிற பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படி? — அவர்கள் வெளியே போனபிறகும் சொல்லவில்லையே.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒரு கடிதம் எழுதி மகளுடைய அலுவலக முகவரிக்குத் தபாலில் போட்டேன். 'கிழக்குச் சுவர் தீப்பெட்டியின் மேல் சாய்ந்து நிற்கிறது. இடைவெளி என்பது பொய். முதல் வரிசைத் தூண்களை எடுத்தால் சுவர் விழும்.' மூன்றே வாக்கியம். பெயர் போடவில்லை. என் எழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். மூன்று வாக்கியத்துக்கு முக்கால் மணி நேரம்.

மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. தீப்பெட்டியை எடுத்தா கோர்ட்டு விழுமாம்."

தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"யாராவது வேண்டாதவன் எழுதியிருப்பான்" என்றாள் என் மனைவி.

"நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?"

நான் சொன்னது இது. மறைக்காமல் எழுதுகிறேன். "பேர் இல்லாத கடிதம்தானே. கோப்பில் சேர்த்துவிடு."

அவள் தலையைத் தூக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா" என்றாள்.

பிப்ரவரி 22, சனி

முப்பத்தைந்து வருட வேலையில் எத்தனை மொட்டைக் கடிதங்கள் என் மேசைக்கு வந்திருக்கும்! ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'நடவடிக்கை தேவையில்லை' என்று நானே எழுதியிருக்கிறேன். அதுதான் விதி. அப்படியானால், குப்பைக்குப் போகும் என்று தெரிந்தே அந்தக் கடிதத்தை எழுதினேனா? தெரிந்தேதான்.

காலையில் மனைவி காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஏங்க, செவ்வாய்க்கிழமை உங்க இடது கையில எப்படி மை வந்துது?"

இடது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நாப்பது வருஷமா பாக்குறேன். தீப்பெட்டின்னு யாராவது சொன்னாலே உங்க முகம் சுண்டிப்போகும். என்னன்னு நான் கேக்கலை. ஆனா அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறது நம்ம பொண்ணு. மானம் போனா நாலு நாள் பேசுவாங்க. சுவரு விழுந்தா?"

"சொல்கிறேன்" என்றேன்.

"எப்போ? பஞ்சாங்கம் பார்த்தா?"

பிப்ரவரி 24, திங்கள்

இரண்டாவது, மூன்றாவது கண்ணாடிகள். மூன்றாவது விண்டது மட்டுமல்ல, இரண்டு துண்டுக்கும் நடுவில் தபால் அட்டை நுழைகிறது. நுழைத்துப் பார்த்தேன்.

மகள் மேசையை மேற்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டாள். தட்டச்சுப் பெண்களையும் அங்கே வரச் சொல்லிவிட்டாள். "அங்க வெளிச்சம் பத்தலைப்பா" என்றாள். அப்பாடா என்று இருந்தது. இதில் எனக்கு அப்பாடா!

பிப்ரவரி 25, செவ்வாய்

சொல்வதற்கென்றே போனேன். மேற்கு அறை வாசல் வரை போனேன். உள்ளே ஒப்பந்தக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வெளியே சுண்டெலி இயந்திரத்தின் மேலிருந்து கையை ஆட்டினார். "நாளைக்கு ஒண்ணாம் வரிசை பெரியவரே! சுவரு முகம் தெரியப்போவுது!"

சாயங்காலம் வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். பெரிய இன்ஜினீயர் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்து நான்கு பக்கம். வலது கையால். கடைசியில் பெயர், பழைய பதவி, கையெழுத்து, தேதி.

பிப்ரவரி 26, புதன்

பதினொன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். உறையை நீட்டினேன். மகள் பிரித்தாள். படிக்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தாள். எழுந்து ஓடினாள்.

"நிறுத்து! வண்டியை நிறுத்து!" அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்குத் தெரியாது.

இயந்திரம் நின்றது. எல்லாம் அடங்கியது. பிறகு மேலே — சத்தத்தை எப்படி எழுதுவது? சுவரின் மேல் விளிம்புக் கற்கள், ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு மொத்தமாக. இயந்திரத்தின் மேல். சுண்டெலி உள்ளே.

கத்தினார். கத்துகிறான் என்றால் உயிர் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

இடது கால். முழங்காலுக்குக் கீழே.

நேற்று அந்த வாசற்படியில் — நேற்று ஒரு வார்த்தை. நேற்று.

பிப்ரவரி 27, வியாழன்

முதல் வரிசையில் ஆறு தூண்கள் மிச்சம். அவற்றை இனி யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. சுவர் நிற்கிறது.

மார்ச் 14, வெள்ளி

சுண்டெலியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். அவருடைய மனைவி நாற்காலியைக் காட்டினாள், உட்கார முடியவில்லை.

அவர் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி உடைஞ்ச அன்னிக்கு என்கிட்ட வந்து, 'தம்பி, வேணாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டியை ஆஃப் பண்ணியிருப்பேனே பெரியவரே. எனக்குக் கையெழுத்தெல்லாம் வேணாமே."

கோபமாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

நீதிமன்றத்தின் முகப்பில் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். கல் எல்லாம் கழுவிவிட்டது போல் இருக்கிறது. பக்கத்தில் தீப்பெட்டியின் ஒரு பட்டை மட்டும் கம்பிகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த அசிங்கத்தை ஏன் விட்டு வைத்தார்கள் என்று பேருந்தில் ஒருவர் கேட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

மகளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாளை விசாரணை. இன்று சாயங்காலம் எங்கள் இருவரின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "சரி பாருங்க." ஆறு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

பென்சிலோடு படித்தேன். வரைபடம் பற்றியது முழுவதும் சரி. மூன்றாம் பக்கத்தில் அவளைப் பற்றி ஒரு வரி. 'பெயரில்லாத கடிதம் வந்த அன்றே அதை எழுதியவர் என் தந்தை என்று அறிந்தேன். என் மேசையையும் என் ஊழியர்களையும் இடம் மாற்றினேன். இடிப்பை நிறுத்தவில்லை.'

"கிழக்குல வர்ற 'ழ', விழும்ல வர்ற 'ழ'," என்றாள். "இடது கையால எழுதினாலும் அந்தச் சுழி மாறலை. நீங்கதான் எனக்கு அதைக் கைப்பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தீங்க. பொய்யா இருக்கணும்னு நினைச்சேன். நீங்களே சொல்லட்டும்னு நினைச்சேன். வண்டி ஓட்டுற அந்த ஆளை நினைக்கலை."

பென்சிலை அந்த வரியின்மேல் வைத்தேன்.

"இந்த வரி வேண்டாம்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்க வேண்டும். நான் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அதே வாக்கியம் இருக்கிறது. என் கையிலிருந்த பென்சிலை மெதுவாக எடுத்து அப்பால் வைத்தாள்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு இரண்டு இடம் விட்டிருந்தாள். என் பேனாவின் மூடி எனக்குக் கழலவில்லை. அவள் வாங்கிக் கழற்றிக் கொடுத்தாள்.