சிங்கோனாவின் பூர்வீகம்

கம்பவுண்டர் ஐயா,

காலையில் போட்ட காய்ச்சல் மாத்திரை தொண்டையில் நின்று கரைந்துவிட்டது. அந்தக் கசப்போடு நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். ஏதாவது இனிப்பு தின்னும்போது வந்திருக்கக் கூடாதா?

நாங்கள் இலங்கையிலிருந்து நடுவட்டம் மலைத் தோட்டத்துக்கு வந்து சில வருடம் ஆகியிருந்தது. மூத்த மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. சாதிச் சான்றிதழைப் பூர்வீக ஊரில் வாங்கி வரச் சொன்னார்கள். என் பாஸ்போர்ட்டில் துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று இருந்தது. அது இலங்கைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய கங்காணியின் ஊர். தாத்தா எங்கிருந்து கப்பலேறினார் என்று தெரியாததால், லயத்து வீடுகளில் பாதிப் பேர் அதையே எழுதிக்கொண்டோம். எட்டாவதோடு நின்ற என் புத்திக்கு அது பெரிய தந்திரமாகப் பட்டது.

துணைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வந்தீர்கள். பொய் பிடிபடுமோ என்று பஸ்ஸில் எனக்கு வியர்த்து ஊற்றியது. நீங்களோ நம் தோட்டத்துச் சிங்கோனா மரத்தின் கதையை ஆரம்பித்தீர்கள்.

"இந்த மரத்துப் பட்டையில எடுக்கற காய்ச்சல் மருந்து கொயினா இருக்குதுங்களே, அந்தப் பேரு பெரு தேசத்து மலை ஜனங்க பேச்சுங்க. மரப்பட்டைன்னு அர்த்தம். அது நெசம். சிங்கோனாங்கறது அங்கிருந்த ஒரு சீமாட்டி பேருங்க. பட்டையில அந்தம்மா காய்ச்சல் தீந்துச்சுன்னு வெச்சாங்க. அப்பறம் பாத்தா, அந்தம்மா அதத் தொட்டதே இல்லீங்களாமா."

"அப்ப பேர மாத்தலீங்களா?"

"யாருங்க மாத்தறா? உலகம் பூரா அதே பேருதானுங்க."

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அதுதான் வினை. அந்த ஊர்க் கர்ணம், "எந்தத் தெரு? பங்காளி யாரு?" என்று கேட்டதும் விழித்தேன். பிறகு சீமாட்டி கதையை அவரிடமே எடுத்துவிட்டேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மரம் சர்ட்டிபிகேட் கேட்டு வரலியேப்பா. நீதானே வந்திருக்கே?"

"கதைய உங்ககிட்டச் சொன்னது என்னோட தப்புங்க" என்றீர்கள் திரும்பும்போது. கேலியா, வருத்தமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சான்றிதழ் கிடைக்காமல் நர்ஸ் இடம் போனது; மகள் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று அவள் மகனுக்குப் பள்ளி விண்ணப்பம் வந்தது. 'பூர்வீகம்' என்ற இடத்தில் விரலை வைத்து, "நீங்களே எழுதுங்கப்பா" என்றாள். கங்காணி ஊரை எழுதக் கை வரவில்லை. உங்களை அடக்கம் செய்த நடுவட்டத்தை எழுதினேன். சரியா, அடுத்த குளறுபடியா, தெரியவில்லை. கேட்க நீங்களும் இல்லை.

அவள் இரண்டு முறை வாசித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.