இந்தத் தடவை தண்ணீர் வேண்டாம்

டூயிஸ்பர்க்,
ஜூன் மாதம், திங்கட்கிழமை

அன்பு மகள் அய்தெனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கருணையால் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் மெல்போர்னில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம் என்று எழுதினால் அது பாதிப் பொய், உன் அப்பா சுகம் என்று எழுதினால் முழுப் பொய், அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். உனக்குக் கால் வீக்கம் குறைந்ததா? உப்பைக் குறைத்துக்கொள், ஊறுகாய் ஜாடிப் பக்கமே போகாதே, மாப்பிள்ளை சமைத்துப் போட்டால் குறை சொல்லாமல் சாப்பிடு, சமைக்கிற ஆம்பிளை லேசில் கிடைக்க மாட்டான், என்னைக் கேள்.

உன் அப்பா துருக்கிக்கு, நம் ஊருக்குக் கிளம்புகிறார். வண்டியில்தான், அந்தப் பழைய பாதையில்தான். விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும், அப்போ ரோட்டுல போறேன் என்று அவர் பிடித்துக்கொண்டார். ரோட்டிலும் கூடாது, உட்கார்ந்தபடி இரண்டு மூன்று நாள் இந்த நுரையீரல் தாங்காது என்று அந்தம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இவர் என்ன சொன்னார் தெரியுமா, "செத்தா பள்ளிவாசல் சங்கத்துக்காரங்களே பெட்டியில போட்டு பிளேன்ல ஏத்திருவாங்க. உசுரு இருக்கறப்ப நானே போறேன்" என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் இவராவது நிற்கட்டும் என்றுதான் துர்சுன் என்று பெயர் வைத்தார்கள், அந்த மனிதர் ஒரு நாளாவது ஓரிடத்தில் நின்றாரா?

பத்து நாளாகச் சமையலறை மேஜை முழுக்க வரைபடம்தான், தேநீர் டம்ளர் வைக்க இடமில்லை. என் அண்ணன் மகன் ரமஸான் வண்டி ஓட்டுகிறான், நானும் கூடப் போகிறேன். அவன் ரொட்டிக் கடையில் லீவு சொல்லிவிட்டான். அவன் போனில் வழி பார்த்து ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா, செர்பியா, பல்கேரியா என்று வரிசையாகச் சொன்னால் இவர் காதிலேயே வாங்குவதில்லை. ஆஸ்திரியாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் இருப்பது எல்லாம் இவருக்கு இன்னும் யுகோஸ்லாவியாதான். "மாமா, அப்படி ஒரு நாடே இப்ப கிடையாது" என்று அவன் சொன்னதற்கு, "அது கலைஞ்சா ரோடும் கலைஞ்சிருமாடா" என்று கேட்டார். இவருடைய பாதை நம்முடைய பாடுகளால் ஆனது. நீ வாந்தியெடுத்த மலை, டயர் வெடித்த சோளக்காடு, நாம் தர்ப்பூசணி வெட்டித் தின்ற பாலம், எல்லைக்காரன் நம் சாமானையெல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு உன் பொம்மையைப் பார்த்துச் சிரித்த இடம். அங்கெல்லாம் நிறுத்த வேண்டுமாம். மூச்சு மெஷினை வண்டியில் செருக ரமஸான் ஒரு வயர் வாங்கியிருக்கிறான். எல்லைக்காரர்களுக்குக் கொடுக்க சிகரெட் கட்டு வேண்டும் என்று இவர் கேட்டார், இப்போது யாரும் வாங்குவதில்லை என்றேன், நம்பவில்லை.

இதுவரைக்கும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது மகளே. போவார், ஊர்க் காற்றைக் குடிப்பார், அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று. வியாழக்கிழமை அதுவும் போனது. கீழ்வீட்டு கிராவுசெ அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் ஊருக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டு ஸெஹ்ரா, தண்ணீர் போலத் தடையில்லாமல் போய் அப்படியே திரும்பி வரட்டும் என்று வண்டிக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுவாளே, தெருவை ஈரமாக்குகிறீர்கள் என்று ஒரு வருஷம் சண்டைக்கு வந்தவள் இந்த கிராவுசெ அம்மாதான். ஸெஹ்ரா மௌத்தான பிறகு இத்தனை வருஷமாக அவளேதான் பூவாளி நிறையக் கொண்டுவந்து ஊற்றுகிறாள், ஒரு குடம் போதும் என்றாலும் கேட்பதில்லை. வியாழக்கிழமை உன் அப்பா படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி இறங்கிப் போய் அவள் கதவைத் தட்டியிருக்கிறார். அவள் அழுதுகொண்டே மேலே வந்தாள். தன் ஓட்டை ஜெர்மனில் இவர் சொன்னாராம், "இந்தத் தடவ தண்ணி வேணாம்" என்று.

கட்டின மனைவிக்குச் சொல்லாததை ஜெர்மன்காரிக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் மருந்து டப்பாவைத் தரையில் வைத்தேன், எறிந்தேன் என்றே எழுதலாம். ஆகஸ்டு வரைக்கும் பொறுத்தால் பிள்ளை பிறந்துவிடும், போனிலாவது முகத்தைப் பார்க்கலாமே என்று கேட்டேன். "ஆகஸ்டு வரைக்கும் இருந்தா பெட்டிதான் ஹனிஃபெ ஊருக்குப் போகும்" என்றார். பிறகு, "நீயும் ஊத்தக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றார். பண்ணிவிட்டேன். வேறென்ன செய்ய? டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும் அதே கணக்குதான், போனாலும் போகாவிட்டாலும். வழியிலேயே ஆகிவிட்டால் எந்த நாட்டுப் போலீஸிடம் எந்த மொழியில் நான் என்ன சொல்வேன் என்பதுதான் என் தூக்கத்தைத் தின்கிறது.

நீ லீவு கேட்கிறேன், டிக்கெட் பார்க்கிறேன் என்று கிளம்பாதே. ஏழு மாத வயிற்றோடு உன்னை யாரும் ஏற்ற மாட்டார்கள், நானும் விட மாட்டேன். வந்தாலும் எதையும் மாற்ற முடியாது. அவருக்காவது ஒரு ஊர் இருக்கிறது, போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும். எனக்கு எது? அங்கே போனால் ஜெர்மன்காரி வந்துட்டா, அல்மான்காரி வந்துட்டா என்பார்கள், இங்கே நாற்பது வருஷமாகத் துருக்கிக்காரி. அவரை மண்ணில் வைத்துவிட்டு ரமஸானின் வண்டியில் இந்த மாடிக்குத் திரும்பி வந்து, யாருக்குத் தேநீர் போடுவேன் சொல்.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், பிள்ளை உன்னைப்போல வாயாடியாக வளரட்டும், அல்லாஹ் மாப்பிள்ளைக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த மாதக் கடைசி வெள்ளி, தொழுகை முடிந்ததும் கிளம்புகிறோம். அன்றைக்கு உன் வாசலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்று. அப்பா பேரைச் சொல்லாதே, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் பேரைச் சொல்லி ஊற்று. அவ்வளவு தூரத்திலிருந்து பலிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் நான் திரும்பி வர எங்கேயாவது ஒரு வாசல் நனைந்திருக்கட்டும்.

உன் அம்மா,
ஹனிஃபெ