வாழைமூட்டில் ஊற்றிய கஞ்சி

ஆகஸ்ட் 19, திங்கள்

பிரசவத்துக்குப் போயிருந்த அம்மா வீட்டிலிருந்து தோவாளைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இன்று கல்யாண ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. கொக்கியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நேற்று மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் பிரதீஷ் வீடியோ காலில் வந்தார். மகள் அஸ்வதியைக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் சரிந்து நான் முழுசாகத் தெரிந்துவிட்டேன். "ஆரு அது, ஒங்க அம்மையா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தீபாவளிக்கு லீவில் வருகிறார். மகளை முதல்முறையாகப் பார்க்கப் போகிறார். என்னையும்தானே பார்ப்பார்?

அதற்குள் அந்தக் கொக்கியை மாட்டியாக வேண்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பிரதீஷின் அம்மா, என் மாமி, சந்தை வியாபாரிக்குப் பூக்கட்டிக் கொடுப்பவர்கள். பிள்ளை இங்கே வந்ததிலிருந்து பிச்சிப்பூ இந்த வீட்டுப் படி ஏறவில்லை. பிச்சி வாசம் பட்டால் பால் வற்றிவிடும் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க, மாரில் பிச்சிப்பூவை வைத்துத்தான் கட்டுவார்கள். அதனால் மாமி கூடையோடு வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். கட்டி முடித்ததும் கை கழுவி, சேலை மாற்றி, அப்புறம்தான் பிள்ளையைத் தூக்குகிறார்கள். பூ மலிந்து கிடக்கும் இந்த ஊரில் எங்கள் இரண்டு பேர் தலை மட்டும் மொட்டையாகக் கிடக்கிறது.

எனக்குக் காலையில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்ட உளுந்தங்கஞ்சி, மதியம் சோறும் பால்சுறாப் புட்டும், சாயங்காலம் நெய்யில் வதக்கிய பூண்டு. எல்லாம் பால் ஊறுவதற்கு. எல்லாம் என் இடுப்பில்தான் போய் ஒட்டுகிறது.

இன்று கஞ்சியைப் புறவாசல் வாழைமூட்டில், மரத்தடி மண்ணில் ஊற்றினேன். மாமி பூக்கட்டப் போன பிறகுதான்.

செப்டம்பர் 2, திங்கள்

ஜாக்கெட் தோள் வரை ஏறிவிட்டது. வாழையும் புதுக்குருத்து விட்டிருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் கால்வாய்க் கரையில் நடக்கப் போகிறேன். திரும்பி வருவதற்குள் பிள்ளை பசித்து அழுதால் மாமி டப்பாப் பாலைக் கலக்கிக் கொடுக்கிறார்கள். முதலில் நடக்கும்போது மார் கனத்து நைட்டி நனைந்துவிடும். இப்போது நனைவதில்லை. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11, புதன்

பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. மாற்றி வைத்தேன். அங்கேயும் அப்படித்தான்.

"பால் கொறஞ்சிட்டா மக்கா?" என்று மாமி கேட்டார்கள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினேன். மாமி தன் கைகளை மோந்து பார்த்தார்கள். "நான் நல்லா கழுவத்தான செய்யேன்…"

சொல்லியிருக்க வேண்டும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

செப்டம்பர் 13, வெள்ளி

ஓணத்துக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. கேரளத்துக்குப் போகிற பூ வண்டிகளால் ரோட்டில் நடக்க இடமில்லை. மாமி வேப்பமரத்தடியும் வேண்டாம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இசக்கியம்மன் கோயில் பக்கம் போய்விட்டார்கள். "காத்து இங்கோட்டு அடிச்சா வாசம் வந்திரும்லா." மூட்டுவலிக்காரி, அத்தனை தூரம்! ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நர்ஸ் பெபிஷா அக்கா வந்து பிள்ளையை எடை பார்த்தார். போன மாதத்திலிருந்து ஏறவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி நந்தனா, ஒழுங்கா சாப்பிடுதியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்கள். "அதெல்லாம் நல்லா சாப்பிடுவா. பாத்திரத்துல ஒரு பொட்டு மிச்சம் வைக்க மாட்டா."

தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"பிள்ள குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், கேட்டியா? புட்டியக் கொறச்சுக்கிட்டே வா. ஒடம்பு மெதுவா எறங்கட்டும், பட்டினி மட்டும் கெடந்திராத. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையக் கொண்டு வா, டாக்டரும் பாக்கட்டும்."

மதியம் சோறு, புட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நாலைந்து நாளாக வயிறாரச் சாப்பிடுகிறேன். நேற்று பிள்ளை குடித்தபடியே தூங்கிப்போனது. வாயோரத்தில் ஒரு சொட்டு பால். துடைக்க மனம் வரவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

நேற்று அவர் கூப்பிட்டார். "மெலிஞ்சிட்டியே, கொள்ளாம்!" என்றார்.

அந்த ஒரு பாராட்டுதான். இன்று கஞ்சியை மறுபடியும் வாழைமூட்டில் ஊற்றினேன். காலையில் நடக்கவும் போனேன். பெபிஷா அக்கா வரச் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாமியிடம் பிள்ளைக்குச் சளி என்று சொல்லிவிட்டேன்.

இதை எழுதும்போதே இந்தக் கையை ஒடிக்க வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

மழை. மாமி பஸ் ஸ்டாப் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கட்டிவிட்டு, தெப்பமாக நனைந்து வந்தார்கள். ராத்திரியே காய்ச்சல். வியாபாரி நாராயணபெருமாளுக்குப் போன் போட்டு, இனி தனக்குப் பூ தர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "எம் பேத்தி பால்குடி மறக்கட்டும். பொறவு பாப்போம்."

பூக்கட்டாமல் மாமி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. படுத்திருந்தபோதும் விரல்கள் தானாக அசைந்துகொண்டிருந்தன.

அக்டோபர் 12, சனி

நடப்பதை நிறுத்திவிட்டேன். வைத்ததையெல்லாம் சாப்பிடுகிறேன். முருங்கைக்கீரை, பூண்டு, சுறா, எதையும் மிச்சம் வைக்கவில்லை. மாமி சொன்ன அதே மாதிரி.

அக்டோபர் 21, திங்கள்

வரவில்லை.

மாரில் வைத்தாலே பிள்ளை வில்லாக வளைந்து கத்துகிறது. புட்டியைப் பார்த்ததும் கையை நீட்டுகிறது. இன்று கட்டாயப்படுத்தி வைத்துப் பார்த்தேன். மூச்சு முட்ட அழுதது. மாமியின் வீட்டுக்காரர் கோலப்பன் மாமா வெளியிலிருந்து ஓடி வந்துவிட்டார். நான் என் பிள்ளையைக் கொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அதில் என்ன தப்பு?

டாக்டரிடம் போனோம். டப்பாப் பாலிலும் பிள்ளை நன்றாக வளரும், பயப்படாதீர்கள் என்றார். பிள்ளை வளரும். அது எனக்கும் தெரியும்.

அக்டோபர் 29, செவ்வாய்

அவர் திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். நல்ல தொந்தி. சட்டைப் பட்டன் தெறிக்கிற மாதிரி நிற்கிறது. நான் கல்யாணச் சேலை கட்டி நின்றேன். எல்லாக் கொக்கியும் மாட்டியிருந்தேன். மாரும் தளர்ந்துவிட்டதால் சுலபமாகவே மாட்டியது.

"என்னட்டி, மொகம் ஒட்டிப் போச்சு? சொகமில்லையா?" என்று கேட்டார்.

நீங்கள்தானே அன்றைக்கு அம்மையா என்று கேட்டீர்கள் என்றேன்.

"நானா? எப்பம்?"

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியாதா? தினமும் கண்ணாடியில் பார்க்கிறேனே.

நவம்பர் 4, திங்கள்

காலையில் மாமி பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஈரச்சாக்கை விரித்து, பிச்சி மொட்டைக் கொட்டினார்கள்.

"இனி என்னத்துக்கு வெளிய கெடக்கணும்?" என்றார்கள். பிறகு வாழைநாரை எடுத்தபடி மெதுவாகச் சொன்னார்கள். "ஓணத்தன்னிக்கு அவசரத்துல கழுவாத கையோட பிள்ளையத் தூக்கிட்டேன் மக்கா. அதுலதான் போச்சு. ஆருட்டயும் சொல்லல்ல."

நான் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி, வாழைமூடு, டாக்டரிடம் போகாதது, பிள்ளைக்குச் சளி என்று சொன்ன பொய். ஒன்று விடவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமி என் தலையைத் தடவினார்கள். "எனக்காவ பழிய ஏத்துக்கிடாத. சோறு கொறஞ்சா பால் போயிருமா? நான் வெறும் கஞ்சித்தண்ணி குடிச்சு மூணு பிள்ளைய வளத்தேன். பூதான் மக்கா. எங் கைதான்."

"வாழையப் பாருங்க மாமி, எப்படித் தழைச்சு நிக்கு!"

"அது நான் சாணி போட்டதுல்லா."

கட்டிய முதல் முழத்தை என் தலையில் வைத்துவிட்டார்கள். நான் குனிந்து கொடுத்தேன். இத்தனை மாதத்துக்குப் பிறகு வீடு முழுக்கப் பிச்சி மணக்கிறது. பிள்ளை எழுந்துவிட்டது. புட்டி கழுவ வேண்டும்.