ஸி இல்ல, ழி

என் ராசாத்திக்கு,

நேற்று உன் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். கதவில் உன் பேர் ஆங்கிலத்தில் முழுசாக இருந்தது, அந்த இசட், எச் உட்பட. "எல்லாரும் தப்பாப் படிச்சுச் சிரிக்கிறாங்க, பேரை மாத்துங்கப்பா" என்று பத்தாம் வகுப்பில் நீ அழுதாய். நான் கை ஓங்கினேன். அதை விடு.

உன் பேரைச் சொல்லி டோக்கன் கேட்டேன். வேண்டுமென்றே கடைசி எழுத்தை 'ஸி' என்றேன்.

"ஸி இல்ல பெரியவரே, ழி! நாக்கை மடிச்சுச் சொல்லுங்க. தப்பாச் சொன்னா டாக்டருக்குக் கோவம் வரும்" என்று அதட்டினாள் டோக்கன் கொடுக்கும் பெண்.

எனக்கே பாடம்! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உன்னைப் பார்க்க வந்ததே மறந்துபோனது.

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இந்தக் கைநடுக்கத்தைக் காட்டத்தான் வந்தேன். மறுபடி வருகிறேன், பேரைச் சரியாகச் சொல்லி.

இப்படிக்கு,
பேர் வைத்தவன்