ரெண்டு சாண் உயரம்

அன்புள்ள அப்பாவுக்கு சுஜி எழுதுறது.

எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. உங்க முட்டுவலி எப்படி உண்டு? காரக்கோணம் ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரைய வெறும் வயித்தில திங்காதீங்க.

சோபா வாங்கியாச்சு. இந்தப் பெங்களூரு வீட்டுல சோபா போடுற முன்முறி சின்னதாக்கும். மூணு பேரு இருக்குறது போட்டா கதவு தொறக்க முடியாது. அதனால ரெண்டு பேருக்குள்ளதை எடுத்தேன். "ரெண்டு சாண் உயரம் இருந்தா நான் எதையும் பிடிக்காம எழும்புவேன் மக்கா"ன்னு நீங்க சொன்னதை நினைச்சு, கடையில ஒவ்வொண்ணா சாண் வச்சுப் பார்த்தேன். கடைக்காரரு டேப்பு நீட்டினாரு. எங்க அப்பா மரச்சீனிக் கிழங்கு நடக் கம்பு வெட்டுறதே சாண் வச்சுத்தான்னு சொல்லி, அதை வாங்கல்ல.

வீட்டுல கொண்டு போட்ட பிறகுதான் மனசிலாச்சு. நான் வச்சது என் சாண். உங்க கை எவ்வளவு பெருசு. இதில இருந்தா நீங்க எழும்ப முடியாது. கடையில திருப்பி எடுக்க மாட்டாங்களாம். போகட்டும், டூட்டி முடிஞ்சு வந்து செருப்பு கழத்தாம அதுலயே இருந்து உறங்கிப்போறேன். மத்த பக்கம் இன்னும் புதுசாவே இருக்கு.

அடியில கட்டை வச்சு உயர்த்தித் தர ஒரு ஆசாரி உண்டு. அவருக்கு அளவு வேணும். ஊர்ல நம்ம பக்கத்து வீட்டு பிஜு அண்ணன் அடுத்த வாரம் இங்க வாறாரு. உங்க சாணை ஒரு நூல்ல அளந்து குடுத்து விடச் சொல்லத்தான் எழுத இருந்தேன்.

நூல் வேண்டாம் அப்பா. போன்ல சொன்னா "பார்க்கலாம் மக்கா"ன்னு வச்சிருவீங்க. அண்ணன்கூட அந்தக் கையை நீங்களே கொண்டு வாங்க.

டூட்டிக்கு வண்டி வந்தாச்சு.

சுஜி