காலை 440, மாலை 260

7-5-84, திங்கள்
கிடங்கில் நெல் எடை போடும்போது மறுபடி இளைப்பு. உத்திரமேரூர் தூசி மொத்தமும் என் நெஞ்சில்தான் குடித்தனம். ஆபீஸ் மேஜை வேலை கேட்டேன். சூப்பர்வைசர் தாமோதரன் விடுவாரா? "மூட்டைய பாத்தா இளைக்குது, முட்டை தோசைய பாத்தா இளைக்கலியா? டாக்டர் சீட்டு கொண்டா. இல்லாங்காட்டி நின்னுக்க" என்றார்.

10-5-84
செங்கல்பட்டு டாக்டர். சளியில் டி.பி. இல்லை, எக்ஸ்ரே சுத்தம். ரத்தத்தில் ஈஸினோஃபில் அணு நூற்றுக்குப் பன்னிரண்டு, அதிகமாம். "ஆஸ்துமாவுக்கும் ஏறும், வயித்துப் பூச்சிக்கும் ஏறும். ஊதிக் காட்டினாத்தான் தெரியும், திங்கட்கிழமை வா" என்றார். கையோடு பூச்சி மாத்திரையும்.

14-5-84
குழாய் மாதிரி ஒரு மீட்டர், ஊதும் மூச்சின் வேகத்தைக் காட்டுமாம். ஒரே மூச்சில் ஊதினேன், முள் 470. மூச்சுக்குழாயை விரிக்கும் ஸ்பிரேயை வாயில் அடித்துக் கால் மணி கழித்து ஊதினேன் — 480. ஆஸ்துமா என்றால் மருந்துக்கு அப்புறம் எகிற வேண்டுமாம். "உனக்கு ஒண்ணும் இல்லையேப்பா!"
போச்சு. வியாதி இல்லை என்றதற்குக் கண் கலங்கியவன் நான் ஒருத்தன்தான்.

15-5-84
என் பெண்டாட்டி அம்முலு ஒத்துக்கொண்டாள். "டாக்டரு முன்னாடி நீ இளைச்சிக்கினு நின்னா அசிங்கமா இருக்காதா? அதான் கடையில இளைப்பு மாத்திரைய வாங்கி தூள் பண்ணி காபில போட்டேன்."
நேற்றுக் காபி கசந்தது. அவள் காபிதானே என்று குடித்துவிட்டேன்.

17-5-84
காபிக் கதையைக் கேட்டு டாக்டர் சிரித்து ஓய்ந்தபின் மீட்டரை இரவல் கொடுத்தார். இரண்டு வாரம் வீட்டிலும் கிடங்கிலும் ஊதி எழுத வேண்டும். மாத்திரை போட்டால் அதையும்.

18-5-84
காலை 440. மாலை, கிடங்கில், 260.

20-5-84, ஞாயிறு
வீட்டில் 440, 450. அம்முலுவும் ஊதினாள், 400. "இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

24-5-84
"வேணும்ன்ற நம்பர எழுதிக்கினு வர்றியா? எம்முன்னாடி ஊது" என்றார் தாமோதரன். ஊதினேன். 250. "ஊதத் தெரியல உனக்கு. இங்க குடு." கால்களை அகட்டி நின்று, மீசை நடுங்க ஊதினார். 210. மீட்டரைத் தட்டிவிட்டு ஊதினார். 190. அப்புறம் இருமல். காலையிலெல்லாம் இருமுவார், உடம்புச் சூடு என்பார்.
முதலில் சந்தோஷம். பிறகு வெட்கமாக இருந்தது.

1-6-84
என் கணக்கைப் பார்த்து டாக்டர் 'ஆஸ்துமா' என்று எழுதிவிட்டார். கூட வந்த தாமோதரனுக்கு ஸ்பிரேக்கு முன் 200, பின் 290. அவருக்கும் அதேதான்.

8-6-84
மேஜை வேலை, மூன்றாம் நாள். தாமோதரன் வந்து எதிரில் நின்றார். "பெருமாளு, நான் இன்னிக்கு 280. நல்லதா?"
ஆறு வருஷத்தில் என் பதிலுக்காக அவர் காத்து நின்றது இதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.