பேருக்கு முன்னால ஒரு இடம்

ஜனவரி 12, 2025 - ஞாயிறு

மிளகாவோட புதுப் பாட்டு வந்துருச்சு!!! காலையில் இருந்து இருபது தடவையாவது கேட்டிருப்பேன். இரண்டாவது சரணத்தில் மேளம் நின்று அவள் குரல் மட்டும் தனியாக வரும் இடத்தில் வயிற்றுக்குள் ஒரு உதை. மேளம் இல்லாத இடத்தில் உதைக்கிறது பாருங்கள், என் பிள்ளைக்குக் காது இருக்கிறது.

ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததில் இருந்து பேர் தேடுகிறோம். ‘மிளகா பட்டாளம்’ ரசிகர் குரூப்பில் இன்று ஓட்டு வைத்தேன். மிளகாவின் சொந்தப் பேர் சிந்து. அதற்குத்தான் எல்லாரும் குத்தினார்கள். எனக்கும் சந்தோஷம். கிள்ளானில் பிறந்து, பாட்டு வகுப்பு பக்கமே போகாமல், போனை வைத்தே பாடக் கற்றுக்கொண்டவள். நானும் அப்படித்தானே. போனிலேயே எடிட்டிங் பழகி, இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோ வெட்டித் தருகிறேன்.

என் புருஷன் நாகேந்திரனிடம் சொன்னேன். “ஓக்கே லா, சிந்து நல்லாத்தான் இருக்கு”ன்னான். அப்புறம் மெதுவா, “நாகசிந்து.”

மறந்தே போய்விட்டேன். இந்த வீட்டில் எல்லாருக்கும் மாமாவின் பேர் முன்னால் ஒட்டிக்கொள்ளும். மாமா நாகையா. மகன் நாகேந்திரன், மகள் நாகஜோதி, ஜோதி அக்காவின் பையன்கள் நாகதர்ஷன், நாககவின். இவர்களுக்கு என் பிள்ளை மட்டும் என்ன விதிவிலக்கா?

ஜனவரி 16 - வியாழன்

கிளினிக்கில் இன்று மானம் போச்சு.

மிஸி, அதான் நர்ஸ், “குரு! குரு!” என்று கத்துகிறாள். நான் போனில் மூழ்கியிருந்தேன். யாரும் எழவில்லை. மூன்றாம் தடவைதான் உறைத்தது, என்னைத்தான்.

என் அடையாள அட்டையில் இருப்பது ‘அமுதவள்ளி அனாக் பெரெம்புவான் குரு’. குருவின் மகள் அமுதவள்ளி என்று அர்த்தம். ஆனால் பாதிப் பேர் கடைசிச் சொல்லைத்தான் பேர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேங்க் ஈமெயில், ‘அன்புள்ள குரு’. பார்சல் கொண்டுவரும் பையன், “சிக்கு! பார்சல்!” என்பான். மலாயில் குரு என்றால் வாத்தியார், சிக்கு என்றால் டீச்சர். நான் கல்யாண வீடியோ வெட்டும் டீச்சர்.

அப்பா நல்ல மனுஷன். அவர் பேரைத் தூக்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா கொமுட்டர் ரயில்ல வீட்டுக்கு வரும்போது யோசிச்சேன். நாளைக்கு என் பொண்ண இப்படி “நாகேந்திரன்! நாகேந்திரன்!”னுதான் கூப்பிடுவாங்க. பின்னால அப்பா பேரு தானா வந்துரும். முன்னால மாமா பேரு. அப்போ நான் எங்க? பத்து மாசம் சுமந்தவ எங்க?

இணையத்தில்தான் யாரும் என்னை யாருடைய மகள் என்று கேட்டதில்லை. அங்கே நான் வெறும் அமு. என் வீடியோ மூலையில் அந்த இரண்டு எழுத்தைப் போடும்போது வரும் சந்தோஷம் -

சரி. முடிவு பண்ணிட்டேன். சிந்து வேண்டாம். மிளகாவே, மன்னிச்சுக்கோ. என் பொண்ணுக்கு என் பேரு மாதிரி பேரு.

ஜனவரி 19 - ஞாயிறு

குரூப்பில் சொன்னேன். வெடித்தது.

“அமு துரோகி.” “ஓட்டுப் போட்டோமே, தேர்தல் கமிஷன்ல புகார் பண்ணுவோம்.” செந்தூல் பிரவின் மட்டும், “உன் பேரையே வைக்கிறதுக்கு உனக்கு எவ்ளோ தில்லு லா. செய்” என்று போட்டிருந்தான்.

அமுதா, அமுதவாணி, அமுதப்ரியா… எல்லாம் எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். அமுதினி. சொன்னதும் வாய் தானாகச் சிரிக்கிறது.

அமுதினி. அமுதினி. வந்துட்டா.

ஜனவரி 25 - சனி

ஜோதி அக்கா குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். மீன் குழம்பு ஊற்றும்போது சொல்லிவிட்டேன். குழம்புதான் கொஞ்சம் சிந்தியது.

மாமா நிமிரவே இல்லை. “நம்ம குடும்பத்துல அப்படி வழக்கம் இல்ல, பொண்ணு.” என்னை அவர் கூப்பிடுவது பொண்ணு, இல்லையென்றால் ‘ஏம்மா’. கல்யாணம் ஆகி மூன்று வருடமாக.

“வழக்கத்துக்கு ஒண்ணும் கொறையாது மாமா. அவ பேருக்குப் பின்னால உங்க மகன் பேரு எப்படியும் வரும். யாரும் கேக்கவே வேணாம், தானா வரும். முன்னால ஒரு இடம் மட்டும் எனக்குக் குடுங்க.”

“ஒரே வீட்டுல ரெண்டு அமுவா? அமுன்னு கூப்பிட்டா யாரு திரும்புவா?”

“இந்த வீட்டுல நாகான்னு கூப்பிட்டா அஞ்சு பேரு திரும்புறீங்க.”

ஜோதி அக்காவுக்குப் புரையேறிவிட்டது. அவர் கணவர் முதுகில் தட்டினார். மாமா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நாகேந்திரன்? தண்ணி குடிச்சான். ஒரு ஜக்கு.

ஜனவரி 26

அவனிடம் கேட்டேன், ஏன் பேசலன்னு. “நீதான் நல்லா பேசுனியே”ன்னான். போர்ட்டுல எவ்ளோ பெரிய டிரேலரை ரிவர்ஸ்ல ஓட்டுறான், அப்பா முன்னால மட்டும் பிரேக்கு.

பிப்ரவரி 11

தைப்பூசம். இந்த வயிற்றோடு பத்துமலைக் கூட்டத்துக்குள் போக விடவில்லை. முருகா, போனில்தான் பார்த்தேன். பேர் விஷயம் உனக்கே தெரியும்.

பிப்ரவரி 20 - வியாழன்

வந்துட்டா.

வலி பற்றி எழுத மாட்டேன். எழுதினால் படித்துப் பயந்துவிடுவேன். முடி எவ்வளவு! மூக்கு அவங்க அப்பா மூக்கு, பரவாயில்லை.

அவள் காலில் ஒரு வெள்ளைப் பட்டை கட்டியிருக்கிறார்கள். பேர் வைக்கும்வரை குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் பேர் அம்மாவை வைத்துத்தான். ‘பேபி ஆஃப் அமுதவள்ளி’. இவள் உலகத்தில் தூக்கிக்கொண்ட முதல் பேர் என்னுடையது!! போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 21 - வெள்ளி

மாமா கோயிலுக்குப் போய் நட்சத்திரம் கேட்டுக்கொண்டு வந்தார். அனுஷம். அனுஷத்துக்கு எழுத்து ந, நி, நு, நே.

ந!

படுக்கை பக்கத்தில் நின்றுகொண்டு ஐயர் எழுதிய சீட்டைக் காட்டுகிறார். முகத்தில் ஒரு சிரிப்பு, லாட்டரி அடித்த மாதிரி. “பாத்தியா பொண்ணு, சாமியே சொல்லிட்டாரு. நாகஷிவானி.” சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாச்சு. முப்பதாம் நாள் சாமி கும்பிடும்போது வெட்டுவதற்குக் கேக்கும் சொல்லிவிட்டாராம்.

அழுதேன். பால் கொடுத்துக்கிட்டே அழுதேன். முருகா, உன்கிட்டதானே சொன்னேன்? போனில் கும்பிட்டதாலா?

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாகேந்திரன் பொறந்தது ரோகிணி. ரோகிணிக்கு ‘நா’ எழுத்தே கிடையாது, இப்பத்தான் தேடிப் பார்த்தேன். அன்னைக்கு யாரும் சாமிகிட்ட கேக்கலையே? நான் விட மாட்டேன்.

பிப்ரவரி 24 - திங்கள்

பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. மறுபடி வார்டு. நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, நிறைய குழந்தைகளுக்கு வரும் என்கிறார் டாக்டர். நான் பயப்படுகிறேன்.

இப்போ பேரு கீரு எதுவும் வேணாம். நல்லாகட்டும்.

பிப்ரவரி 25 - செவ்வாய்

மஞ்சள் அளவு இறங்கியிருக்கிறது. நன்றி, நன்றி, நன்றி.

இன்று ஒன்று நடந்தது. மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் வார்டு வாசலில் மாமா குரல். எனக்குப் பத்திய மீன் குழம்பு எடுத்து வந்திருக்கிறார். உள்ளே விட வேண்டும் என்றால் எந்தக் குழந்தை என்று சொல்ல வேண்டும். மாமா, “பேபி நாகேந்திரன்” என்கிறார். மிஸி பார்த்துவிட்டு, அப்படி ஒரு குழந்தை இல்லை என்கிறாள். “பேபி நாகையா?” அதுவும் இல்லை. அம்மா பேர் என்ன என்று கேட்கிறாள்.

மாமா தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறார்.

“அமுதா.”

அமுதா என்று யாரும் இல்லை. முழுப் பேர் சொல்லுங்கள் அங்கிள், சும்மா யாரையும் விட முடியாது என்கிறாள் மிஸி.

எழுந்து போய் நானே சொல்லியிருக்கலாம். ஆனா பிள்ளை மார்பில் இருந்தது, இப்பத்தான் ஒழுங்கா குடிக்க ஆரம்பிச்சிருந்தா. சத்தியமா அதுதான் காரணம். சரி, பாதிக் காரணம்.

மாமா போனை எடுத்தார். நாகேந்திரன் வண்டியில் இருப்பான், எடுக்கவில்லை போல. அப்புறம் ஜோதி அக்காவுக்கு. மாமாவுக்குக் காது மந்தம், போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவார். “ஏ ஜோதி, நம்ம பொண்ணு பேரு என்னா? அட உன் பேரு இல்ல, தம்பி பொண்டாட்டி பேரு! முழுசா!”

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அக்காவுக்குத் தமிழ் தெரியாது, அவளும் சிரித்தாள்.

உள்ளே வந்தார். தூக்கை மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அமுதவள்ளியா?”

“ஆமா மாமா.”

“கல்யாணப் பத்திரிகை நான்தானே அச்சடிக்கக் குடுத்தேன்.”

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மாமா குனிந்து பிள்ளையின் கால் பட்டையை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“ஜோதி பொறந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு. அவளும் காமாலையில கெடந்தா. வாசல்ல நின்னு வீரம்மா, வீரம்மான்னு சொல்லிச் சொல்லித்தான் உள்ள போவேன்.”

வீரம்மா என் மாமியார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். இரண்டு பிள்ளை பேரிலும் அவர் எங்கேயும் இல்லை. மாமா அதைத்தான் யோசித்தாரா, தெரியாது.

“கொழம்பு ஆறிரும், சாப்புடு” என்றார்.

மார்ச் 9 - ஞாயிறு

வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. பிள்ளை சிவப்பாகி, குரலும் ஏறிவிட்டது. மாமா பேர் பற்றி ஒன்றும் பேசவில்லை. சரியென்றும் இல்லை, வேண்டாமென்றும் இல்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் நாகஷிவானி அப்படியே நிற்கிறாள். செமினியில் இருக்கும் ஒரு சித்தப்பா வாழ்த்துக் கவிதையே எழுதிவிட்டார்.

நாகேந்திரனை உட்கார வைத்துச் சொன்னேன். பிறப்பைப் பதிய நீதான் போகப் போற. அங்க என்ன பேரு குடுக்கப் போற? அப்பா முகம் இல்ல, என் முகத்தைப் பாத்து சொல்லு.

தண்ணி ஜக்கைத் தேடினான். நான் முன்னாடியே எடுத்து மறைச்சு வச்சுட்டேன்.

“அமுதினி” என்றான். “அப்பாகிட்டயும் நானே சொல்றேன்.”

சொன்னான். வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்த மாமாவிடம், நான் ஜன்னலில் நிற்கும்போதே. மாமா துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த பைக்கில் அழுக்கே இல்லை.

மார்ச் 22 - சனி

முப்பது கும்பிட்டோம். வீடு நிறைய ஆள்.

எங்களில் பிள்ளையின் காதில் பேர் சொல்வது அத்தை. அதாவது ஜோதி அக்கா. யார் என்ன சொன்னாலும் கடைசியில் காதுக்குள் போவது ஜோதி அக்கா சொல்வதுதான். அவர் அப்பா செல்லம்.

அக்கா பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு வைத்தார். குனிந்து, வெற்றிலையால் மறைத்து, மூன்று தடவை சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை கொட்டாவி விட்டது.

எல்லாரும் மாமாவைப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன்.

“சத்தமா சொல்லு ஜோதி. எனக்குக் காது கேக்காதுன்னு தெரியாதா?”

அக்கா என்னைப் பார்த்தார். “அமுதினி, பா.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“அமுதினி!”

“ம்” என்றார் மாமா. அவ்வளவுதான். சித்தப்பா, “அப்போ என் கவிதை?” என்றார்.

அப்புறம்தான் கேக் பெட்டியைத் திறந்தோம். மாற்றச் சொல்ல மறந்துவிட்டார்! இளஞ்சிவப்பு கிரீமில் ‘வெல்கம் நாகஷிவானி’. மாமா கத்தியை வாங்கி, ‘நாக’ இருந்த மூலையைப் பெரிய துண்டாக வெட்டி, நின்றபடியே தின்றார். வாயில் கிரீமோடு, “எனக்குச் சக்கர இருக்கு, யாரும் டாக்டர்கிட்ட சொல்லாதீங்க.”

வெட்டிப் போட்டுருக்கேன் வீடியோவ. மிளகா பாட்டு பின்னால. பட்டாளம் அழுவுது.

மார்ச் 24

பதிஞ்சாச்சு. அமுதினி அனாக் பெரெம்புவான் நாகேந்திரன். இரண்டு பேரும் இருக்கிறோம். முன்னால நான், பின்னால அவன்.

ஜூலை 13 - ஞாயிறு

ஊசி போடப் போனபோது கிளினிக்கில், “நாகேந்திரன்! நாகேந்திரன்!” சிரித்துக்கொண்டே தூக்கிப்போனேன். அது நேற்று.

இன்று சாயங்காலம். நான் சமையலறையில் இருந்தேன், பிள்ளை ஹாலில் பாயில் கவிழ்ந்து கிடந்தாள். வாசலில் பைக் நின்ற சத்தம்.

“அமூ!”

நான் கரண்டியோடு திரும்பினேன். பாயில் அவளும் தலையைத் தூக்கித் திரும்பினாள். மாமா கையில் வாழைப்பழச் சீப்போடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னா மாமா?”

“உன்னைய இல்ல, சின்னதக் கூப்பிட்டேன்.” செருப்பைக் கழற்றினார். “சரி, திரும்பிட்ட. நீயும் வா, பழம் நல்லா இருக்கு.”